நோயாளியின் மொழி வைத்தியருக்குப் புரிய வேண்டும்

நமது நாட்டில் பொது வைத்திய நிபுணர் ஒருவர் உருவாவதற்குப் பல வருடங்கள் தேவைப்படுகின்றன. மருத்துவப் பட்டமும் உள்ளகப் பயிற்சியும் பெற்றவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் தெரிவுப் பரீட்சையில் சித்தியடைந்து, வைத்தியசாலை விடுதிகளில் இரவு பகலாகப் பணியாற்றி, எம்.டி. பரீட்சையிலும் தேற வேண்டும். அதன் பின்னர் வெளிநாட்டுப் பயிற்சியும் உண்டு. இத்துணை கடினமான பயிற்சியில் நோயாளியின் மொழிக்கு உரிய இடம் வழங்கப்பட்டுள்ளதா என்பதே நமது கேள்வியாகும்.

பொது மருத்துவத்தில் நோயாளி கூறும் விபரமே பிரதானமானது. 1975 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், வெளிநோயாளர் 80 பேரில் 66 பேரின் நோய், பரிந்துரைக் கடிதத்தையும் அவர்கள் கூறியவற்றையும் கொண்டே சரியாக இனங்காணப்பட்டிருந்தது. உடற்பரிசோதனை 7 பேரிலும் ஆய்வுகூடச் சோதனைகள் மேலும் 7 பேரிலுமே தீர்மானகரமாக உதவின.

'நெஞ்சு எரியுது' என்பதற்கும் 'நெஞ்சை அடைக்குது' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் உயிரின் பெறுமதியுடையது. டெங்கு நோயாளிக்குக் காய்ச்சல் எப்போது தொடங்கியது, எவ்வளவு சிறுநீர் கழிந்தது என்பன பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டால் ஆபத்தான கட்டம் கவனிக்கப்படாமலே கடந்து விடலாம். மலையகத் தோட்டத் தொழிலாளியும் கிழக்கின் முஸ்லிம் தாயும் சிற்றூழியர் ஒருவரின் அல்லது தமது மகனின் உதவியுடனேயே சிங்கள வைத்தியரிடம் பேச வேண்டிய நிலை இன்னமும் உண்டு. மகனின் முன்னிலையில் தாய் கூறத் தயங்கும் விடயங்கள் வைத்தியரைச் சென்றடைவதில்லை. தெற்கில் கடமையாற்றும் தமிழ் பேசும் வைத்தியரிடம் வரும் சிங்களக் கிராமவாசிக்கும் இதே இடர்ப்பாடு நேரலாம்.

இதற்காகப் பயிலுநர் வைத்தியர்களைக் குறைகூறுவதில் அர்த்தமில்லை. வேலைப்பளுவின் மத்தியில் அவர்கள் தாமாகவே மொழி பயில வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அரச சேவையில் புதிதாக இணைவோர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டுமென 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கப் பொதுநிர்வாகச் சுற்றறிக்கை விதித்தது. எனினும் காகிதத்தில் பெறும் சான்றிதழ் வேறு, நோயாளியின் கட்டிலருகே பேசும் திறன் வேறு.

பிரித்தானியாவில் பணியாற்றச் செல்லும் நமது வைத்தியர் தமது ஆங்கில அறிவை அங்கு நிரூபிக்க வேண்டியுள்ளது. அந்நாட்டு நோயாளியின் பாதுகாப்பே அதன் நோக்கம். அதே பாதுகாப்பு நுவரெலியா, மட்டக்களப்பு நோயாளிகளுக்கும் உரித்தானதல்லவா?

பட்டப்பின் பயிற்சிக் காலத்திலேயே இரு மொழிகளிலும் நோயாளியுடன் உரையாடும் பயிற்சி, கடமை நேரத்தினுள் வழங்கப்பட வேண்டும். அதற்குப் பரீட்சையில் புள்ளிகளும் ஒதுக்கப்பட வேண்டும். அதுவரை பிரதான வைத்தியசாலைகளில் பயிற்றப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களை நியமிப்பது சுகாதார அமைச்சின் கடமையாகும். இது ஓர் இனத்துக்கான சலுகையன்று. நோயாளி தனது நோயைத் தனது மொழியில் எடுத்துரைக்கும் உரிமையாகும்.