நிறுத்தத் தெரிந்தவரே பயிற்றுநர்

பாடம் நடத்தும் ஆசிரியரின் தகுதி யாது எனக் கேட்டால், பட்டமும் புலமையும் என உடனே விடை கூறுவோம். மாணவர்தம் உடலைப் பண்படுத்தும் பயிற்றுநரின் தகுதி யாது எனக் கேட்டால், அகன்ற மார்பும் அதட்டும் குரலும் வென்ற பதக்கங்களுமே பலர் நினைவில் எழுகின்றன. பிழையாகக் கற்ற பாடத்தை மறுநாள் திருத்திக்கொள்ளலாம். பிழையான பயிற்சியால் கெட்ட உடலை அவ்வாறு திருத்திவிட இயலுமா?

இவ்வினாவை அமெரிக்கக் கல்லூரிகள் அரை நூற்றாண்டாக எதிர்கொண்டு வருகின்றன. அங்கே ஆட்டத்தின் நுணுக்கங்களைக் கற்பிப்பவர் ஒருவர்; வீரரின் வலிமை, விரைவு, தாங்குதிறன் ஆகியவற்றை வளர்ப்பவர் மற்றொருவர். இவ்விரண்டாமவரே உடல்திறன் பயிற்றுநர். 1969 இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்ட் எப்லி என்பவரை இப்பணியில் அமர்த்தியது. எடை தூக்கினால் வீரரின் விரைவு குன்றும் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. 1978 இல் அவர் முன்னின்று இத்துறையினருக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1985 முதல் அச்சங்கம் சான்றிதழ்த் தேர்வு நடத்தி வருகிறது. அத்தேர்வில் அறிவியல் அடிப்படை ஒரு பகுதி, செயல்முறை மறு பகுதி. பட்டப்படிப்பும் இதய முதலுதவிப் பயிற்சியும் அதற்கு வேண்டப்படுகின்றன. கல்லூரிப் பயிற்றுநர்களுக்கெனவே 2000 இல் தோன்றிய மற்றோர் அமைப்போ, மூத்த பயிற்றுநர் ஒருவரின் கீழ் 640 மணி நேரம் பணிபயில வேண்டும் என்று விதித்தது.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என வினவுவோர் 2011 சனவரியில் அயோவா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். விடுமுறை கழித்துத் திரும்பிய கால்பந்து வீரர்களுக்குக் கடும் பயிற்சி தரப்பட்டது. பளுவைத் தோளில் சுமந்து நூறு முறை அமர்ந்து எழுதலும் அதில் அடங்கும். சில நாள்களில் 13 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். தசை சிதைந்து, அதன் கூறுகள் குருதியில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நோய் அவர்களைப் பற்றியிருந்தது. ஓய்ந்திருந்த உடலைப் படிப்படியாகவே உழைப்புக்குப் பழக்க வேண்டும் என்பது இத்துறையின் அரிச்சுவடி.

2015 முதல், முதல்நிலைக் கல்லூரி அணிகளின் உடல்திறன் பயிற்றுநர் அனைவரும் ஏற்புபெற்ற சான்றிதழ் உடையவராய் இருத்தல் வேண்டும் என்று அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுக் கழகம் விதித்தது. ஆயினும் சான்றிதழ் விதி மட்டும் உயிரைக் காத்துவிடவில்லை. 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், விரைவோட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடிய 19 வயது மாணவர் ஜார்டன் மெக்நேர் வெப்பத் தாக்கத்தால் நிலைகுலைந்தார். பதினைந்தாம் நாள் உயிர் நீத்தார். அவர் நிலை உரிய காலத்தில் உணரப்படவில்லை. குளிர்நீரில் அமிழ்த்தி உடல் வெப்பத்தைத் தணிக்கவும் இல்லை. பல்கலைக்கழகமே பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

ஆகவே பட்டமும் தேர்வும் பணிபயிற்சியும் இன்றியமையாதன. ஆனால் அவை போதா என்பதே நம் கருத்து. பயிற்சியை எப்போது நிறுத்த வேண்டும் என்னும் தெளிவும், நிறுத்தும் துணிவும், அதற்குரிய அதிகாரமும் பயிற்றுநருக்கு வேண்டும். முதலிரண்டும் அவர் தேடிக்கொள்ள வேண்டியவை. மூன்றாவதோ நிருவாகம் வழங்க வேண்டியது. வெற்றி ஒன்றையே வேண்டும் தலைமைப் பயிற்சியாளரின் கையில் தம் வேலை இருக்குமாயின், 'இன்று இது போதும்' என்று சொல்ல எவர்க்குத் துணிவு வரும்? உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பயன்படுத்தலாகாது என்று அக்கழகத்தின் 2019 ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் கூறுகின்றன. காலந்தாழ்த்தி வந்த மாணவரைத் திடலைப் பத்து முறை சுற்றிவரச் செய்யும் வழக்கம் நமக்கும் புதிதன்று. அதனையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்துறையில் அமெரிக்காவுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1920 இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய ஹேரி குரோ பக் அந்நாட்டவரே. இன்று நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக விழைவோர்க்கு முதுகலைப் பட்டத்தோடு ஓட்டத் தேர்வும் உண்டு. 2018 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, முப்பது வயதுக்குட்பட்ட ஆடவர் 12 நிமிடத்தில் 1800 மீட்டர் கடக்க வேண்டும். நல்ல விதியே, உடலைப் பேணாதவர் பிறருக்கு அதனைக் கற்பித்தல் அரிது. எனினும் அவ்வோட்டம் அவர்தம் கால்களை அளக்குமேயன்றி, மாணவர்பால் அவர் கொண்ட பொறுப்பை அளக்காது.

எத்தனை மீட்டர் ஓடுவீர் என்று கேட்கும் தேர்வுக்குழு, ஓடும் மாணவரை எப்போது நிறுத்துவீர் என்றும் கேட்கட்டும். அவ்வினாவுக்குத் தெளிந்த விடை கூறுவோரிடம் நம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கலாம்.