திக்கலுக்குப் பயம் காரணமல்ல

மதுரை மாட்டுத்தாவணியில் ஓர் இளைஞர் பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இறங்க வேண்டியது காரியாபட்டி. ஆனால், 'கா' தொண்டையிலேயே நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். "சீக்கிரம் சொல்லுப்பா" என்று கண்டக்டர் அவசரப்படுத்த, "அருப்புக்கோட்டை" என்று சொல்லிவிடுகிறார். கூடுதல் காசு கொடுத்துவிட்டு, காரியாபட்டியிலேயே இறங்கிக்கொள்கிறார். திக்கிப் பேசுகிறவர்கள் பலர் இப்படித்தான் வாய்க்கு வருகிற வார்த்தையாகப் பார்த்துப் பேசிக் காலத்தை ஓட்டுகிறார்கள்.

"பயந்த சுபாவம், அதான் திக்குது" என்பது ஊர்ப்பேச்சு. உண்மை வேறு. பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் வளர்ச்சியோடு தொடர்புடையது திக்கல். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பரம்பரைக்கும் பங்கு உண்டு; திக்கலோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களை அமெரிக்க ஆய்வாளர்கள் 2010-ல் அடையாளம் கண்டார்கள். நாக்கில் வசம்பைத் தேய்த்தால் தீருகிற விஷயமல்ல இது.

பயம் பிறகுதான் வருகிறது. அதைக் கொடுப்பது நாம்தான்.

வகுப்பில் வரிசையாகப் பாடம் வாசிக்கச் சொல்கிறார்கள். தன் முறை வருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. முதல் எழுத்திலேயே நிற்கிறது, பின்வரிசையில் சிரிப்பு. அதே பிள்ளை கூட்டத்தோடு சேர்ந்து பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. ஒருமுறை பட்ட அவமானம் அடுத்த முறை இறுக்கமாகிறது, இறுக்கம் திக்கலைக் கூட்டுகிறது. ஆனால், பயம் போனாலே திக்கல் போய்விடும் என்பதில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனநல சிகிச்சை பெற்ற, திக்கிப் பேசுகிறவர்களுக்குப் பயம் தணிந்தது. திக்கலில் அதனால் மாற்றமில்லை. பேச்சுப் பயிற்சி, மன ஆதரவு இரண்டுமே தேவை என்பதற்கு இதுவே சான்று.

1957-ல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கியபடியே மேடைகளில் பேசியவர். எப்போதும் திக்குமா என்று கேட்டவரிடம், "இல்லை, பேசும்போது மட்டும்தான்" என்றாராம். அவர் சொல்லி முடிக்கும்வரை கூட்டம் காத்திருந்தது. அந்தப் பொறுமை வகுப்பறையில் வேர்த்து நிற்கும் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013 முதல் தேசியத் திட்டம் இருக்கிறது. அதன் சிகிச்சை மையங்கள் மாவட்ட அளவில்தான். காரியாபட்டியிலிருந்து பட்டாசு ஆலைக்குப் போகிற தாய், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வாராவாரம் மாவட்டத் தலைநகரான விருதுநகருக்கு எப்படி அலைவார்? வாரம் ஒருநாளாவது தாலுகா மருத்துவமனைகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளரை அரசு அனுப்ப வேண்டும். பிள்ளை பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்கவும், வாய்மொழித் தேர்வைத் தனியே வைக்கவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.