பொய்ச்சண்டையில் மெய் எது?

தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றிக் கல்விப்புலத்தில் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "அது பொய்தானே?" என்பது. கேட்பவர் விடையை எதிர்பார்ப்பதில்லை. பேச்சை அங்கேயே முடித்துவிடும் கேள்வி அது. தெருக்கூத்தைப் பற்றியோ திரைப்படத்தைப் பற்றியோ ஆய்வேடு எழுதுபவரிடம் இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. துரியோதனன் உண்மையில் தொடை பிளந்து சாகவில்லை என்பதற்காகக் கூத்தை ஒருவரும் ஒதுக்குவதில்லை. மல்யுத்த மேடைக்கு மட்டும் ஏன் இந்த விசாரணை? இக்கேள்வி தவறானது என்பதோடு, அது திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால் ஆதாயம் அடைவோரும் இருக்கிறார்கள் என்பதே இப்பதிவின் வாதம்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழில் 'பொய்' எப்போதும் வஞ்சகத்தைக் குறிப்பதில்லை. பொய்க்கோபம் என்பது இருதரப்பும் அறிந்த கோபம். அதில் ஏமாறுபவர் எவரும் இல்லை. பொய்க்கால் குதிரையில் கால் பொய், குதிரையும் பொய். ஆனால் அந்த மரக்கால்களைக் கட்டிக்கொண்டு கூட்டைத் தோளில் சுமந்து ஆடுபவரின் முழங்கால் பொய்யன்று. இதன் எதிர்ச்சொல்லோ இன்னும் செறிவானது. 'மெய்' என்றால் உண்மை. 'மெய்' என்றால் உடல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், "கதை பொய், மெய் மெய்" என்று சொன்னால் அது வெறும் சொல்விளையாட்டு ஆகாது. மல்யுத்த மேடையில் நிகழ்வதன் மிகத் துல்லியமான விவரிப்பு அதுதான். வெற்றி தோல்வி முன்னரே முடிவாகியிருக்கிறது. விழுகிற உடலின் எடையையும் அதை ஏற்கும் தரையின் கடினத்தையும் எவரும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது.

சூரியநெல்லியின் எஸ்டேட் லயங்களில் கேபிள் வழியாக இந்த நிகழ்ச்சிகள் வந்த ஆண்டுகளில், ஆங்கில வர்ணனை எங்களில் எவருக்கும் புரிந்ததில்லை. ஆயினும் யார் நல்லவன், யார் துரோகி, யார் முன்னர் பட்ட அவமானத்துக்குப் பழி தீர்க்கிறான் என்பதில் குழப்பம் வந்ததே இல்லை. கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பும் பெண்களும் கதவோரம் நின்று பார்ப்பார்கள். "எல்லாம் நடிப்பு" என்று ஒரு பையன் மேதாவித்தனமாகச் சொன்னபோது அம்மாச்சி கேட்டதை நான் மறக்கவில்லை: "நடிப்பா இருந்தா என்ன? விழுந்தவன் முதுகுக்குத் தெரியுமா அது நடிப்புன்னு?" நாள் முழுதும் முதுகில் சுமை ஏற்றியவர்கள் முதுகைப் பற்றிக் கேட்டார்கள். மேசைமுன் அமர்ந்தவர்கள் உண்மையா பொய்யா என்று கேட்கிறார்கள்.

இந்தியாவில் இக்கேள்வியை முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டவர் தாரா சிங். 1928இல் அமிர்தசரஸ் மாவட்டத்துத் தர்முசக் கிராமத்தில் பிறந்தவர்; 1940களின் இறுதியில் சிங்கப்பூர் சென்று அங்கேதான் தொழில்முறை மல்யுத்தத்துக்கு வந்தார். அங்கேரியிலிருந்து வந்து ஆசியாவெங்கும் மேடை ஏறிய 'கிங்காங்' என்ற எமில் சாயாவுடன் அவர் மோதிய ஆட்டங்கள் பெரும் கூட்டத்தைத் திரட்டின. 1959இல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டம் வென்றார்; 1968இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வீழ்த்தி உலகப் பட்டம் பெற்றார். மண்களத்தில் குஸ்தி பயின்ற மரபினர் இத்தகைய 'ஃப்ரீஸ்டைல்' ஆட்டங்களை ஐயத்தோடே பார்த்தனர். மக்கள் அந்த ஐயத்தைப் பொருட்படுத்தவில்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் இன்றும் "நீ என்ன பெரிய தாராசிங்கா?" என்று கேட்கிறோம். ஓர் இயற்பெயர் வலிமையின் அளவுகோலாகி, பொதுப்பெயராகவே மாறிவிட்டது. போட்டி ஒப்பந்தப்படி நடந்ததா என்பது அந்தச் சொல்லாக்கத்தைத் தடுக்கவில்லை. மக்கள் ஏற்றுக்கொண்டது முடிவை அன்று, உடலை.

தாரா சிங்கின் மல்யுத்தம் தரையோடு ஒட்டியது. பிடி, பூட்டு, தூக்கி எறிதல் ஆகியவற்றால் ஆனது. அந்த உடல் அவரை நெடுங்காலம் சுமந்தது. ஏறக்குறைய அறுபது வயதில் தொலைக்காட்சி 'இராமாயண'த்தில் அனுமனாகக் கடல் தாண்டினார். 2003இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2012இல், 83ஆம் வயதில் மறைந்தார். தரையை விட்டு எழும்பும் மல்லருக்கு இந்த நிதானம் வாய்ப்பதில்லை. பறப்பவரின் தொழில்வாழ்வைப் பார்த்தால்தான் 'பொய்' என்ற சொல் எதை மறைக்கிறது என்பது தெரியும்.

என் தலைமுறையினர் அறிந்த பறப்பவர் ரே மிஸ்டீரியோ. கலிஃபோர்னியாவின் சுலா விஸ்டாவில் 1974இல் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த ஆஸ்கர் குட்டியெரெஸ். பெரும் உடல்களின் தொழிலில் ஏறத்தாழ ஐந்தரை அடி உயரம். நாங்கள் ஆடிய மல்யுத்தச் சீட்டுகளில் உயரத்தையோ எடையையோ கேட்டால் அவருடைய சீட்டு தோற்றுவிடும். திரையிலோ அந்தக் குறையே அவர் கதையின் எரிபொருள். சிற்றப்பாவிடமோ மாமனிடமோ தொழில் கற்பது லயத்தில் இயல்பு. அவரும் அப்படித்தான் கற்றார். தம் குடும்பத்து மூத்த மல்லரிடம் பயின்று, அவருடைய மேடைப்பெயரையே பெற்று, பதினான்காம் வயதில் மெக்சிகோவில் மேடை ஏறினார். 1995இலும் 1996இலும் அமெரிக்க நிறுவனங்கள் அவரை அழைத்துக்கொண்டன. மெக்சிகோ மரபில் முகமூடியே மல்லரின் மானம். 1999இல் அவர் பணியாற்றிய நிறுவனம் கதைக்காக அதைக் கழற்றவைத்தது. பின்னர் முகமூடியை மீண்டும் அணிந்தார், 2002இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்தார். 2006இல் ராயல் ரம்பிளில் இரண்டாமவராக நுழைந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்று வென்றார். அதே ஆண்டு ரெசில்மேனியாவில் உலகப் பட்டமும் பெற்றார். 2023இல் அந்நிறுவனத்தின் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். இடையில் முழங்காலில் பலமுறை அறுவைச் சிகிச்சை.

சிறிய உடல் பெரிய உடலை வெல்வது கதை. அந்த வெற்றியைக் கட்டமைப்பது இருவருடைய கூட்டுழைப்பு. கயிற்றின்மேல் ஏறிப் பின்புறமாகச் சுழன்று பாய்பவர் தம் கழுத்தைக் கீழே நிற்பவரின் கைகளில் ஒப்படைக்கிறார். தாங்குபவர் அரைக்கணம் பிந்தினால் கதை அங்கே நின்றுவிடும். சான் டியேகோவின் தொலைபேசிக் குறியீட்டைப் பெயராகக் கொண்ட அவருடைய '619' உத்தியில், எதிராளி நடுக்கயிற்றின்மீது மிகச் சரியான இடத்தில் விழுந்து காத்திருக்க வேண்டும். எதிரி என்று அறிவிக்கப்பட்டவர்தான் அந்த மேடையில் மிக நெருக்கமான துணை.

2015 மார்ச் 20 அன்று டிஹுவானாவில் அத்தகைய ஓர் ஆட்டத்தில் விபத்து நேர்ந்தது. மிஸ்டீரியோவின் உதை பட்டுக் கயிற்றின்மீது விழுந்த பெட்ரோ அகுவாயோ ராமிரெஸ் அசையாமல் கிடந்தார். அந்த உத்தியின் இலக்கணப்படி விழுந்தவர் அசையாமல்தான் கிடக்க வேண்டும். ஆகவே மேடையில் இருந்தவர்களுக்கும் அரங்கில் இருந்தவர்களுக்கும் உடனே விளங்கவில்லை. ஆட்டம் சிறிது நேரம் தொடர்ந்தது. கழுத்தில் காயமுற்ற அவர் இறந்தார். வயது 35. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1999 மே 23 அன்று கேன்சஸ் நகரில், அரங்கின் கூரையிலிருந்து இறக்கப்படும்போது ஓவன் ஹார்ட் சுமார் 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். இது கதையின் பகுதியன்று என்று தொலைக்காட்சி வர்ணனையாளர் பார்வையாளரிடம் தனியே அறிவிக்க வேண்டியிருந்தது. நிகழ்ச்சியும் நிறுத்தப்படவில்லை. மொழியியல் படித்தவர்கள் இவ்விரு நிகழ்வுகளையும் கவனிக்க வேண்டும். வலியின் குறிகள் அனைத்தும் நடிப்பின் சொத்தாகிவிட்ட களத்தில், உண்மையான வலிக்கெனத் தனிக் குறி எஞ்சவில்லை. இதை ரசிகர்களின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அந்தக் குறியமைப்பின் விளைவு இது.

நம் வகுப்பறைகளில் மல்யுத்தம் நுழைவது பெரும்பாலும் ரோலான் பார்த்தின் கட்டுரை வழியாக. 1957இல் வெளிவந்த 'மித்தலஜீஸ்' தொகுப்பின் முதற்கட்டுரை அது. மல்யுத்தம் விளையாட்டன்று, காட்சி என்று அவர் காட்டியது பெரும் திறப்பு. மல்லரின் உடலை அவர் குறியாக வாசித்தார். நாமும் அவ்வாறே வாசிக்கக் கற்றுக்கொண்டு, அங்கேயே நின்றுவிட்டோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இவ்விடத்தில் வேறொரு வழியைத் திறக்கக்கூடும் என்பது என் எண்ணம். உள்ளத்துணர்வு உடலில் புலப்படுவதைக் குறிக்கும் அச்சொல்லின் முதற்பகுதியே மெய்தான். குறியைச் சுமக்கும் உடலை மறக்கவிடாத கலைச்சொல் அது.

இனி, ஆதாயத்தைப் பற்றி. மல்யுத்தத் தொழிலின் குழுஉக்குறியில் திட்டமிட்ட ஆட்டத்துக்கு 'வொர்க்' என்று பெயர்; திட்டத்தை மீறிய உண்மைச் சண்டைக்கு 'ஷூட்'. அதாவது, வெளியிலிருப்போர் பொய் என்பதை அத்தொழிலாளர்கள் 'வேலை' என்கிறார்கள். அந்த வேலையை வேலை என ஏற்க மறுப்பதில் நிறுவனங்களுக்கு இலாபம் இருந்தது. 1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் சட்டமன்றத்தில், அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். என அறியப்பட்ட அதே நிறுவனம், மல்யுத்தம் உண்மைப் போட்டியன்று, பொழுதுபோக்கு மட்டுமே என்று தானே முன்வந்து கூறியது. பல்லாண்டுகள் கட்டிக்காத்த இரகசியத்தைத் திடீரென்று உடைத்தது நேர்மையினால் அன்று. போட்டி விளையாட்டு எனக் கருதப்பட்டால் மாநில ஆணையத்தின் மேற்பார்வை, மல்லர்களுக்கான உரிமம், மருத்துவப் பரிசோதனை, ஒளிபரப்பு வரி ஆகியவை உண்டு. பொழுதுபோக்கு என்றால் இவை தேவையில்லை. 'பொய்' என்ற ஒப்புதலுக்கு இவ்வளவு பொருளாதார மதிப்பு. இன்றுவரை அந்நிறுவனம் தன் மல்லர்களைப் பணியாளர்களாக அன்றி, தனித்த ஒப்பந்தக்காரர்களாகவே வகைப்படுத்துகிறது. "அது பொய்தானே?" என்று நாம் சிரிக்கும்போது, அறியாமலேயே அந்தச் சட்ட வாதத்துக்கு ஒத்து ஊதுகிறோம்.

இது தொலைதூரத்துச் செய்தி என எண்ண வேண்டியதில்லை. திட்டமிட்ட சண்டையில் உயரத்திலிருந்து விழுவதைத் தொழிலாகக் கொண்டோர் நம்மிடையே சென்னையிலும் உள்ளனர். நாயகனுக்குப் பதிலாகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்பவரைத் தமிழில் 'டூப்' என்கிறோம். 'டூப் விடாதே' என்றால் பொய் சொல்லாதே என்று பொருள். ஒரு மனிதரின் தொழிற்பெயரும் பொய்க்கான கொச்சைச்சொல்லும் ஒன்றாக இருப்பது தற்செயலாக இருக்கலாம். அதன் விளைவு தற்செயலானதன்று. 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படப்பிடிப்பின்போது, கார் ஒன்றைப் பாயவிட்டுக் கவிழ்க்கும் காட்சியில் ஸ்டண்ட் கலைஞர் எஸ்.எம். ராஜு உயிரிழந்தார். அந்தக் கணத்தின் காணொளி கைப்பேசிகளில் சுற்றியது. பலருக்கும் அவர் பெயர் அறிமுகமானதே அன்றுதான்.

அங்கீகாரம் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கான விருதை முதன்முதலில் 'புலிமுருகன்' படத்துக்காக பீட்டர் ஹெய்ன் பெற்றார். 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கு ஆஸ்கர் விருதும் உண்டு. இவை வடிவமைப்பவருக்கு உரியவை. விழுபவருக்குத் தேவை காப்பீடும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமும். திரைத்தொழிலாளரைப் பணியமர்த்த எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று இந்தியாவில் 1981ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. சட்டம் ஏட்டில் இருந்தும் விழுபவர் பெயரின்றிப் போவதற்குக் காரணம், அவர் செய்வதை நாம் வேலை என்று கருதாமல் 'தந்திரம்' என்று கருதுவதே.

ஒரு மறுப்பு எழலாம்: இவர்கள் விரும்பி ஏற்ற தொழில்தானே, மிஸ்டீரியோ போன்றோர் செல்வமும் புகழும் அடையவில்லையா? அடைந்தார்கள். உச்சியில் நின்ற ஒருவரின் ஊதியத்தைக் காட்டி, பெயரில்லாமல் விழும் நூறுபேரின் முதுகெலும்புக்கு யாரும் கணக்கு முடிக்க இயலாது. விருப்பம் என்பதும் பாதுகாப்புக்கு மாற்றாகாது. அட்டை கடிக்கும் என அறிந்தே தேயிலைக்காட்டில் இறங்குபவருக்குக் காலணி தர வேண்டியதில்லை என்று எவரும் வாதிடுவதில்லை.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நிகழ்த்துகலை, திரைப்படம், வெகுமக்கள் பண்பாடு ஆகியவற்றில் ஆய்வுத்தலைப்புத் தேடுவோர், கதையின் அரசியலை எழுதுவதோடு நிறுத்த வேண்டாம். அந்தக் கதையைச் சுமந்த உடல்களின் கணக்கையும் எழுதுங்கள்: யார் விழுந்தார், எவ்வளவு உயரத்திலிருந்து, எந்த ஒப்பந்தத்தின்கீழ், மருத்துவச் செலவை யார் ஏற்றார். இவற்றைக் கேட்டறிய வடபழனிவரை பேருந்தில் போனால் போதும். பேசக் காத்திருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.