யாருக்குக் காட்ட இந்த வெப்சைட்?

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு ஹார்ட்வெயார் கடையின் இணையத்தளத்தைப் போனில் திறந்து பாருங்கள். முதலில் ஒரு வட்டம் சுத்தும். டேட்டா கரையும். பிறகு கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரர் கைகுலுக்குவார்கள். அந்தப் படம் வழுக்கிப் போக இன்னொரு படம் வரும். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் வரவேற்பு, தொலைநோக்கு, பணிக்கூற்று. இன்னும் கீழே போனால் சில தளங்களில் லத்தீனும் கிடக்கும். பகிடி இல்லை. வெற்றிடத்தை நிரப்ப டிசைனர்மார் போடுகிற ‘லோரம் இப்சம்’ என்ற அந்தத் துண்டு, ரோமாபுரியின் சிசரோ இரண்டாயிரம் வருசத்துக்கு முதல் எழுதிய தத்துவ நூலொன்றில் இருந்து பிய்த்துச் சிதைத்தது. அதை அழிக்க மறந்தே கடைக்காரருக்குத் தளத்தைக் கையளித்திருக்கிறார்கள். சீமெந்து என்ன விலை என்று பார்க்கப் போன ஆளுக்குச் சிசரோ கிடைக்கிறார். சீமெந்தின் விலை கிடைக்காது.

இந்தத் தளங்கள் வாங்க வருகிற சனத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலாளி திறப்புவிழா அன்று தன் மச்சானுக்குக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கத்தை முதலாளியே திறந்து பார்த்திருக்க மாட்டார்.

நாங்கள் வெளியே நின்று கல்லெறியவில்லை. எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் இந்த வேலையைச் செய்துதான் கைச்செலவைப் பார்க்கிறார்கள். வேர்ட்பிரஸில் ஒரு ரெம்பிளேற்றை இறக்கி, லோகோவை மாற்றி, மூன்று நாளில் முடித்து, மூன்று கிழமை வேலை என்று காசு வாங்கியவர்களும் நாங்கள்தான். கடைக்காரருக்குத் தெரியாதது அவரின் பிழை அல்ல. தெரிந்த நாங்கள் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உங்கட கடைக்குப் போன் எடுக்கிற ஆக்கள் முதலில் என்ன கேட்பினம்? இந்த ஒன்றைக் கேட்டிருந்தாலே பாதித் தளம் எழுதி முடிந்திருக்கும். திறந்திருக்கிறீங்களா, எங்க இருக்கு, என்ன விலை, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீங்களா? வேறென்ன கேட்கப்போகிறார்கள்? தொலைநோக்கு என்னவென்று இதுவரை ஒருத்தரும் போன் எடுத்துக் கேட்டதில்லை.

விலை போட்டால் பக்கத்துக் கடைக்காரன் பார்த்துவிடுவான் என்பார்கள். அவனுக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும், ஒரு பொடியனை அனுப்பிக் கேட்டிருப்பான். தெரியாமல் இருப்பது வாங்க வருகிறவருக்கு மட்டும்தான்.

இனி மொழி. எங்களுக்கு அதிகம் கோபம் வருகிற இடம் இதுதான். பனம்பொருள் விற்கிற தளங்களை எடுங்கள். பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு: இந்தச் சொற்களுக்கு உரிமைக்காரர் நாங்கள். தமிழ்நாட்டில் கருப்பட்டி என்று சொல்வதை இங்கே சனம் பனங்கட்டி என்றுதான் கேட்டு வாங்கும். ரொறன்ரோவில் இருக்கிற ஒரு அம்மாவுக்குப் பழைய ஞாபகம் வந்து போனில் ‘புழுக்கொடியல்’ என்று தமிழில் தட்டினால், அதைக் காய்ச்சிக் காயவைத்து விற்கிற கடை முன்னுக்கு வரவேண்டும். வராது. ஏனென்றால் அந்தக் கடையின் தளத்தில் அந்தச் சொல் ஒரு இடத்திலும் இல்லை. அதற்குப் பதிலாக ஆங்கிலத்தில் நாலு வார்த்தை நீளத்துக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. தேடுகிறவர் என்ன சொல்லால் தேடுகிறாரோ அந்தச் சொல் பக்கத்தில் எழுத்தாக இருக்க வேணும். கூகுளுக்கு முன்னால் போவதற்கு ஆயிரம் தந்திரம் விற்கிறார்கள், இந்த அடிப்படையை விட்டுவிட்டு அவற்றை வாங்கி என்ன பிரயோசனம்?

எழுத்தாக என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் போட்டிருக்கிறோம் என்று சொல்லும் சில தளங்களில் தமிழ் ஒரு படத்துக்குள் இருக்கிறது. அச்சகத்தில் அடித்த நோட்டீஸை அப்படியே ஏற்றிவிட்டார்கள். அதைத் தேடவும் முடியாது, பிரதி எடுக்கவும் முடியாது, கண் தெரியாதவரின் போன் அதை வாசித்துச் சொல்லவும் மாட்டாது. இன்னும் சிலர் பாமினியில் தட்டியதை யுனிகோட்டுக்கு மாற்றாமல் ஒட்டிவிடுவார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். மாற்றித் தருகிற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒரு நிமிச வேலை. .இலங்கை என்று தமிழில் முடியும் முகவரிப் பெயர்கூட 2010இலேயே எங்கள் நாட்டுக்குக் கிடைத்துவிட்டது. எத்தனை கடைப் பலகையில் அதைக் கண்டிருக்கிறீர்கள்?

எங்கட கஸ்டமர்மாருக்கு இங்கிலிஸ் தெரியும் என்கிற முதலாளிமாரிடம் ஒன்று கேட்கிறோம்: கடைக்குள் வருகிறவரோடு நீங்கள் இங்கிலிசிலா கதைக்கிறீர்கள்? ஆங்கிலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சிங்களமும் இருந்தால் இன்னும் நல்லது. தமிழ் மட்டும் இல்லாமல் இருப்பதைத்தான் சொல்கிறோம்.

‘வெப்சைட் என்னத்துக்கு, பேஸ்புக் பக்கம் காணும்தானே’ என்று கேட்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய திகதிகள் சில உண்டு. 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள் மீதான வன்முறையை அடுத்து, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நாடு முழுக்க முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்குக்குள் இன்னொரு முறை. அந்த நாட்களில் பேஸ்புக்கில் மட்டும் கடை வைத்திருந்தவருக்குக் கடையே இல்லை. அரசாங்கம் மூடாவிட்டாலும் கம்பனி மூடும். சின்னக் கடைகளுக்கென்று கூகுள் இலவசமாகக் கொடுத்திருந்த தளங்களை 2024 மார்ச்சில் அதுவே நிறுத்திவிட்டது. பேஸ்புக் வேண்டும், சனம் அங்கேதான் நிற்கிறது. ஆனால் அது சந்தையில் வாடகைக்கு எடுத்த தட்டு, உங்கள் காணி இல்லை.

பூஸ்ட் பண்ணுகிற காசைப் பற்றியும் ஒரு சொல். விளம்பரம் பார்த்து வருகிறவரை ஒரு விபரமும் இல்லாத பக்கத்தில் கொண்டுபோய் விடுவது ஓட்டைக் குடத்துக்குத் தண்ணி அள்ளுவது. முதலில் கூகுள் வரைபடத்தில் கடையைச் சரியான ஒழுங்கையில் குறியுங்கள், அதற்குக் காசு இல்லை. திறக்கும் நேரம், பூட்டும் நேரம், கடை வாசலின் உண்மையான படம். வட்ஸ்அப் இலக்கத்தைத் தொட்டால் நேரே அழைப்புப் போகிற மாதிரி வையுங்கள். யாரும் திறந்து பார்க்காத மின்னஞ்சலுக்குப் போகிற படிவம் வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

பருத்தித்துறைப் பக்கம் வீட்டில் தட்டை வடை சுட்டு விற்கிற ஒரு அக்காவுக்கு எங்களில் ஒருவர் தளம் செய்து கொடுத்தார். நல்ல தளம்தான். தமிழில் இருந்தது, விலை இருந்தது, வெளிநாட்டுக்கு அனுப்புகிற விபரமும் இருந்தது. ஆனால் முகவரிப் பெயரைத் தன் பெயரில், தன் கம்பஸ் மின்னஞ்சலில் பதிந்தார். அக்காவிடம் பாஸ்வேர்டும் இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அவர் படிப்பு முடித்து வெளிநாடு போனார். வருசாவருசம் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அந்தப் பழைய மின்னஞ்சலிலேயே கிடந்தன. பெயர் காலாவதியானது. காலாவதியான பெயர்களைப் பொறுக்குவதற்கென்றே ஆக்கள் இருக்கிறார்கள், அவர்களில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

‘தம்பி, எங்கட பேரில சூதாட்டம் ஓடுதாம். மகள் லண்டனில இருந்து எடுத்து ஏசுறா’ என்று அக்கா சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரியும். திருப்பி வாங்க விலை கேட்டோம். அவ ஒரு வருசம் வடை சுட்டாலும் காணாது.

தளம் செய்து கொடுக்கிற தம்பி தங்கச்சிமாரே, முகவரிப் பெயரைக் கடைக்காரரின் பெயரில், அவரின் போன் இலக்கத்தில் பதியுங்கள். பாஸ்வேர்டை எழுதி அவர் கையில் கொடுங்கள். புதுப்பிக்கிற திகதியைக் கடைக் கலண்டரில் வட்டம் போட்டுவிட்டு வாருங்கள். கடைக்காரர்களே, இந்த மூன்றும் கைக்கு வராமல் கடைசித் தவணைக் காசைக் கொடுக்காதீர்கள், அந்தப் பொடியன் உங்கள் சொந்த மருமகனாக இருந்தாலும்.

நாங்கள் போனபோது அக்கா விறாந்தையில் லேபல் கட்டுகளை அவிழ்த்து வைத்திருந்தா. அச்சகத்தில் ஐயாயிரம் அடித்தது, பாதிக்கு மேல் மிச்சம். ஒவ்வொன்றிலும் அடியில் அந்த முகவரி. சின்ன மகன் கறுப்பு மார்க்கரால் ஒவ்வொன்றாக அடித்து அழித்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு மார்க்கர் வாங்கிவந்து நாங்களும் பக்கத்தில் இருந்தோம்.