கண்மாயைக் காக்கச் சட்டம் உண்டு!

நரிக்குடி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால்தான் வயல் விளையும், கிணறு ஊறும், ஆடு மாடு தண்ணீர் குடிக்கும்.

ஆனால் மழை பெய்தும் கண்மாய் நிறையாத ஊர்கள் உண்டு. காரணம் என்ன? வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. அதில் சீமைக் கருவேலம் காடாக மண்டிக் கிடக்கிறது. சில இடங்களில் வாய்க்காலையே வளைத்து வேலி போட்டு விடுகிறார்கள்.

இதை யாரிடம் சொல்வது? சட்டத்திடம் சொல்லலாம்!

சீமைக் கருவேலம் நம் நாட்டு மரம் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதை அகற்றக் கோரி, வைகோவும் வேறு சிலரும் ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார்கள். 2017-ல் 13 மாவட்டங்களில் மரத்தை அகற்றும்படி கோர்ட்டு உத்தரவு போட்டது. விருதுநகர் மாவட்டமும் அதில் ஒன்று.

“ஆராய்ச்சி செய்யாமல் ஒரேயடியாக வெட்டலாமா?” என்று எதிர் வழக்கு வந்தது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. பிறகு 2022-ல், அயல்நாட்டுச் செடிகளை அகற்ற அரசாங்கம் ஒரு கொள்கையை வெளியிட்டது.

எதிர் வழக்கிலும் நியாயம் உண்டு. இந்த மரத்தை வெட்டி, கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்கள் வயிற்றில் அடிக்கக் கூடாது. முதலில் கண்மாயிலும் வரத்துக்காலிலும் உள்ள மரங்களை வேரோடு எடுக்கட்டும். அந்த வேலையை அந்த ஏழைகளுக்கே கொடுக்கட்டும். நீரும் வரும், கூலியும் கிடைக்கும்.

ஆக்கிரமிப்புக்கும் சட்டம் உண்டு. நீர்நிலைகளில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி 2005-ல் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 2007-ல் ஏரிகளைப் பாதுகாக்கத் தமிழகத்தில் தனிச் சட்டமே வந்தது.

இப்போது இன்னொரு கேள்வி. பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. வெயில்தான் நம் சீமையின் சொத்து. புகை இல்லாத மின்சாரம் நல்லதே. ஆனால் மின் தகடு வைக்கும் நிலத்தின் குறுக்கே ஓடை போனால்? ஓடைக்கு வழி விட்டே தகடு வைக்க வேண்டும்.

2024-ல் சுப்ரீம் கோர்ட்டு இது போன்ற ஒரு வழக்கைப் பார்த்தது. ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் கானமயில் என்ற அரிய பறவை, மின் கம்பியில் மோதிச் சாகிறது. பறவையா, சூரிய மின்சாரமா? “இரண்டும் வேண்டும்” என்பதே கோர்ட்டின் போக்கு. பருவநிலைக் கேட்டிலிருந்து பாதுகாப்புப் பெறுவது மக்களின் உரிமை என்றும் அது கூறியது. பறவைக்கு உள்ள நியாயம் நம் ஓடைக்கு இல்லையா?

கோர்ட்டுக்குப் போகப் பணம் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். முதலில் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். கண்மாயின் அளவு என்ன, வரைபடம் எங்கே என்று தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவைக் கலெக்டரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால், இலவச சட்ட உதவி மையத்தை நாடுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் வருமானம் பாராமல் அங்கே இலவச உதவி உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம். கோர்ட்டு உத்தரவு போடும்; கரையில் வந்து காவல் நிற்காது. வெட்டிய மரம் மீண்டும் துளிர்க்கும். அகற்றிய வேலி மீண்டும் முளைக்கும். ஆண்டுதோறும் மழைக்கு முன்னே ஊர் கூடி வரத்துக்காலைப் பார்க்க வேண்டும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும். கேட்கும் ஊருக்கே தண்ணீர் வரும். கேளுங்கள்!