ஆடாத கூத்தும் கூத்தே

எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தை, காப்பு விருத்தம் தொடக்கம் மங்களம் வரை, ஒரு தருவும் விடாமல், ஒரு மண்டபத்திலே இருந்தபடி பாடிக் கேட்க வேண்டும். ஆட்டம் வேண்டாம், உடுப்பு வேண்டாம், முடியும் வாளும் வேண்டாம். அண்ணாவியார், பிற்பாட்டுக்காரர், மத்தளம், தாளம், ஆர்மோனியம் போதும். முருங்கனிலேயே இதனைத் தொடங்கலாம் என்பது என் கட்சி.

இவ்வாறு சொன்னவுடன் கூத்து அன்பர்கள் சிலர் சினங் கொள்கிறார்கள். "கூத்து என்றாலே ஆட்டந்தானே, ஆட்டத்தை எடுத்துவிட்டால் அது பிணமல்லவா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் கேட்பவர்களுள் பலர், கூத்தை முக்கால் மணி நேரமாகக் கத்தரித்து மேடையேற்றுகிறபோது கைதட்டியவர்கள் என்பதுதான் வேடிக்கை. ஆட்டத்தை விலக்கினால் பிணம்; பாட்டில் பத்தில் ஒன்பது பங்கை வெட்டி எறிந்தால் மட்டும் உயிரோடு இருக்கிறதாம்! இது என்ன நியாயம்?

நான் செய்தித்தாளில் வேலை பார்ப்பவன். கூத்து விழாக்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டி, பிரதேச கலாசார விழா, பங்குத் திருநாள் கலைநிகழ்வு என எங்கும் கூத்து உண்டு. எல்லாமே மணிக்கூட்டைப் பார்த்து ஆடப்படும் கூத்து. ஒரு வரவு, ஒரு தர்க்கம், ஒரு போர், ஓர் ஒப்பாரி, உடனே மங்களம். நடுவர்கள் புள்ளி போடுகிறார்கள். அமைச்சரோ அதிகாரியோ பொன்னாடை போர்த்துகிறார். மறுநாட் பத்திரிகையில் "பாரம்பரியக் கலை பேணப்பட்டது" என்று நாங்களும் எழுதுகிறோம். பேணப்பட்டது எது? தலையும் காலும் இல்லாத ஒரு துண்டு.

சுருக்குவது தவறென்று நான் சொல்லவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றினார். படித்தவர்கள் இழிவாகப் பார்த்த கலைக்கு அதனாலேயே மதிப்பு வந்தது. முருங்கனிலும் முத்தமிழ்க் கலாமன்றத்தை நடத்திய குழந்தை செபமாலை அவர்கள் இன்றைய மேடைக்கேற்ற கூத்துகளை எழுதி ஆடுவித்தார். மன்னாரில் நீண்ட நாடகத்தின் பக்கத்திலே வாசகப்பா என்ற வகையும் பழைய காலந்தொட்டே வழங்குகிறது. சுருக்கம் நம் முன்னோர் அறியாத வித்தையன்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூத்தைச் சுருக்கிய அதே வித்தியானந்தன்தான் மன்னாரின் பழைய நாடகங்களை முழுமையாக அச்சேற்றவும் பாடுபட்டார். 1964இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகமும், அடுத்த சில ஆண்டுகளில் மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்களும் அவருடைய பதிப்பாக வெளிவந்தன. சுருக்கமும் வேண்டும், முழுமையும் வேண்டும் என்று அறிந்தவர் அவர். அவரிடமிருந்து நாம் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அச்சிலே இருக்கிறதே, பிறகென்ன கவலை என்பாரும் உளர். புத்தகத்தைத் திறந்து பாருங்கள். விருத்தம், கொச்சகம், தரு, சிந்து, அகவல் என்று தலைப்பு இருக்கும். சிலவற்றுக்கு மேலே இராகமும் தாளமும் குறித்திருக்கும். மெட்டு எங்கே? அது அண்ணாவியாரின் தொண்டையில் இருக்கிறது. மாதோட்டப் பாங்கில் ஒரு விருத்தத்தை எங்கே இழுத்து எங்கே இறக்குவது, யாழ்ப்பாணப் பாங்கில் அதே அடி எப்படி மாறும், ஒரு தருவுக்கு மத்தளகாரர் எந்த இடத்தில் தீர்மானம் வைப்பார் என்பவை எந்த அச்சகத்திலும் அச்சாகவில்லை. முழு நாடகத்தையும் மனத்திலே வைத்திருக்கும் அண்ணாவியார் ஒருவர் கண் மூடினால், அந்தப் புத்தகம் ஊமையாகிவிடும். பிறகு அதை இலக்கியமாகப் படிக்கலாம், பாட முடியாது.

போட்டிக்குப் பழகுகிற பிள்ளைக்கு எத்தனை மெட்டுத் தெரியும்? ஆடுகிற துண்டில் உள்ள ஐந்தோ ஆறோ. ஆண்டுதோறும் அதே துண்டுதான் தெரிவாகிறது. ஏனென்றால் அது ஏற்கெனவே பரிசு பெற்ற துண்டு. மிச்சப் பாடல்களுக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. கலை சாவது ஆடுவோர் இல்லாமையால் மட்டுமன்று. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப ஆடுவதாலும் சாகும்.

அப்படியானால் விடிய விடிய முழுக் கூத்தையும் ஆடலாமே, ஏன் இருந்து பாட வேண்டும்? ஆடினால் முதலில் மகிழ்பவன் நானே. ஆனால் கணக்குப் பாருங்கள். சட்டம் கொடுத்து மாதக்கணக்கிற் பழக வேண்டும். முப்பது நாற்பது பேருக்கு உடுப்பு வேண்டும். மேடை, வெளிச்சம், ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாம் ஊராரே சுமந்தவை. கட்டுக்கரைக் குளத்து நீரில் வயல் விளைந்து, சூடு மிதித்து, நெல் வீட்டுக்கு வந்தபின் கையிற் காசும் காலமும் இருந்த ஒரு சமூகத்தின் கலை அது. யுத்தமும் இடப்பெயர்வும் அந்தச் சமூகத்தைப் பிய்த்தெறிந்தன. 2007, 2008 காலத்தில் மன்னாரின் பெருநிலப்பரப்பில் ஊர் ஊராக மக்கள் பெயர்ந்தார்கள். திரும்பி வந்தவர்கள் வீட்டைக் கட்டுவதா, கூத்து மேடையைக் கட்டுவதா? ஒரு தலைமுறை பழகாமலே வளர்ந்துவிட்டது. முழு ஆட்டம் வரும்வரை காத்திருப்போம் என்றால், அது வரும்போது பாடிக்காட்ட ஆளிருக்காது.

இருந்து பாடுவதற்கோ பதினைந்து பேர் போதும். முதுமையால் ஆட முடியாதவர் பாடலாம். முழங்கால் நோவுக்காரரின் குரல் முழுமையாகவே இருக்கும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானது.

மேலைநாட்டார் இதே வழக்கை நூறு ஆண்டுகளுக்கு முன்பே விசாரித்துவிட்டார்கள். பாலே என்பது அவர்களது நாட்டிய நாடகம். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' 1913 மே மாதம் பாரிசில் ஆடப்பட்டபோது அரங்கிலே பெருங் கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், அதே நகரில், அதே பியேர் மொந்தோ நடத்த, ஆட்டமே இல்லாமல் முழு இசையும் வாசிக்கப்பட்டது. சனங்கள் இசையமைப்பாளரைத் தோளிலே தூக்கிச் சென்றார்கள். அந்த இசை இன்று உலகெங்கும் ஆட்டமின்றியே அதிகம் கேட்கப்படுகிறது. அதனால் பாலே அழிந்ததா? இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய இசைக்குப் புதுப் புது ஆட்டங்கள் பிறந்தன.

துண்டு போடுவதன் கேடும் அவர்களிடமே தெரிகிறது. சைக்கோவ்ஸ்கி தமது 'நட்கிராக்கர்' பாலேயிலிருந்து எட்டுப் பகுதிகளைத் தெரிந்து ஒரு தொகுப்பாக்கினார். 1892 மார்ச்சில் தொகுப்பு வாசிக்கப்பட்டது. பாலே மேடையேறியது டிசம்பரிலேதான். தொகுப்பு உலகப் புகழ் பெற்றது. ஆனால் நத்தார் மரம் வளர்ந்து உயரும் இடத்துக்கு அவர் எழுதிய மகத்தான இசை அதிலே இல்லை. தொகுப்பை மட்டும் கேட்டவர் இனிப்பைத் தின்றவர், விருந்தை உண்டவரல்லர்.

நம் வீட்டிலும் உதாரணம் உண்டு. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் முழுக் கதை சொல்லும் இசை நூல்கள். கச்சேரி மேடை அவற்றிலிருந்து சில பாடல்களைப் பொறுக்கி எடுத்துப் பாடுகிறது. பாடல் வாழ்கிறது, நூல் எங்கே? அந்தப் பாடலைக் கதையில் யார், எவரை நோக்கி, எந்த நிலையிற் பாடுகிறார் என்று கேட்டால் இரசிகர் பலர் விழிப்பார்கள். கூத்துக்கும் அதே கதி வர வேண்டுமா?

"இருந்து கேட்பது நம் மரபன்று" என்ற வாதத்தை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சைவக் கோயில்களிலே கந்தபுராணத்தை நாட்கணக்கில் முழுமையாகப் படித்துப் பயன் சொல்வது எந்த ஊர் மரபு? தவசு காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை இருந்தும் முழந்தாளிட்டும் கேட்பவர்கள் யார்? அங்கே எவரும் ஆடுவதில்லை. இலங்கை வானொலி கூத்தை ஒலிபரப்பியபோது பெட்டியைச் சுற்றியிருந்து கேட்ட நம் பெற்றோர் எந்த ஆட்டத்தைக் கண்டார்கள்? மேலும், மட்டக்களப்பு வடமோடியைப் போல ஆட்டத்தின் வேகத்தில் நிற்பதன்று நமது கூத்து. மன்னாரில் அது பாட்டிலே நிற்கிறது. "நல்லா ஆடினான்" என்பதை விட "நல்லாப் படிச்சான்" என்ற பாராட்டே இங்கே பெரிது.

எதிர்த்தரப்பில் ஓர் உண்மை இருக்கிறது. ஆட்டத்துக்காகவே அமைந்த சில இடங்கள் தனியே கேட்கச் சலிக்கும். அரசன் கொலு வரும்போது திரும்பத் திரும்ப வரும் அடிகள் கால்களுக்காகப் பிறந்தவை. சலிக்கட்டும். சலிப்பையும் உள்ளிட்டதே முழுமை. நீண்ட வரவுக்குப் பின் வருகிற ஒப்பாரி நெஞ்சைப் பிசைவது ஏன்? அந்த நீளத்தை நாம் கடந்து வந்ததனாலேதான். துண்டிலே வரும் ஒப்பாரிக்கு அந்தப் பலம் இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. கலாசாரப் பேரவைகளும் பங்குகளும் மன்றங்களும் ஆண்டுக்கு ஒரு நாடகத்தைத் தெரிவு செய்யட்டும். ஓரிரவு முடியாவிட்டால் மூன்று மாலைகளாகப் பிரித்துக்கொள்ளட்டும். எந்தப் பாடலையும் விடக்கூடாது. கட்டியகாரனின் வசனத்தையும் விடக்கூடாது. கேட்போர் கையிலே நூலின் பிரதி இருக்கட்டும். முதலிலிருந்து முடிவு வரை ஒலிப்பதிவு செய்யட்டும். எந்தப் பாங்கில் எவர் பாடினார் என்று குறித்து வைக்கட்டும். பக்கத்தில் நான்கு இளைஞர்களை இருத்திப் பிற்பாட்டுப் பாடச் செய்யட்டும். விழாவுக்கு வரும் பிரமுகர்களின் உரைகளை வெட்டினாலே ஒரு மணி நேரம் மிச்சமாகும். வெட்டத்தான் வேண்டுமென்றால் அங்கே வெட்டுங்கள்.

ஆட்டம் பின்னால் வரலாம். பாட்டு இருந்தால் ஒருநாள் அதற்குக் கால் முளைக்கும். பாட்டே போய்விட்டால், பொன்னாடைகளை வைத்துக்கொண்டு எதை ஆடப் போகிறோம்?