கைத்தடி எந்தக் கையில்?

நெம்புகோலுக்கு எடுத்துக்காட்டு கூறுங்கள் என்று முதலாண்டு மாணவர்களைக் கேட்டால் கத்தரிக்கோல், பாக்குவெட்டி, ஏற்றம் என்று விடை வரும். (ஏற்றம் இறைப்பதைக் கண்ணால் கண்டவர் அவர்களில் எவருமில்லை என்பது வேறு செய்தி.) அடுத்து நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். ஒரு பாட்டிக்கு வலது இடுப்பு மூட்டில் வலி. அவர் கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? "வலது கையில்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். தவறு! இடது கையில்தான் பிடிக்க வேண்டும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பாட்டியின் எடை 60 கிலோ என்று கொள்வோம். நடக்கையில் இடது காலைத் தூக்கும் கணத்தில் உடல் வலது இடுப்பு மூட்டின்மேல் நிற்கிறது. ஒரு காலின் எடை உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஊன்றிய காலைக் கழித்தால் மூட்டுக்கு மேலுள்ள எடை 50 கிலோ. அந்த எடையின் ஈர்ப்பு மையம் மூட்டுக்கு நேர் மேலே இல்லை; சுமார் 10 செ.மீ. இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. எனவே இடுப்பு இடப்பக்கம் சாயப் பார்க்கும். அதைச் சாயாமல் இழுத்துப் பிடிப்பது மூட்டின் வெளிப்புறத் தசை. மூட்டிலிருந்து அதன் தொலைவோ சுமார் 5 செ.மீ. தான். திருப்புத்திறன்களைச் சமன்படுத்துங்கள். 50 × 10 = தசையின் விசை × 5. ஆக, தசை 100 கிலோ விசையுடன் இழுக்க வேண்டும். மூட்டின் மீது விழும் சுமை 50 + 100 = 150 கிலோ!

இப்போது இடது கையில் தடியைக் கொடுங்கள். பாட்டி அதை 5 கிலோ விசையுடன் ஊன்றுகிறார். தரையும் அதே விசையுடன் அவரை மேலே தள்ளுகிறது. வலது மூட்டிலிருந்து அந்தக் கை சுமார் 50 செ.மீ. தொலைவில் இருப்பதால் 5 × 50 = 250. தசை சமாளிக்க வேண்டியது மீதமுள்ள 250 மட்டுமே. அதற்கு 50 கிலோ விசை போதும். மூட்டின் சுமை 50 + 50 - 5 = 95 கிலோ. ஐந்து கிலோ ஊன்றியதற்குக் குறைந்தது ஐம்பத்தைந்து கிலோ! தடி வலது கையில் இருந்தால் இந்த நீண்ட புயத்தின் பயன் கிடைக்காது. வால்டர் பிளவுன்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்று தலைப்பிட்டு 1956இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

இயன்முறை மருத்துவத்தின், அதாவது பிசியோதெரபியின், உயிர் இத்தகைய விஷயங்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர் நினைவுக்கு வருவது இயந்திரமே. "கரண்ட் வைத்தார்களா?" என்றுதான் விசாரிப்பார்கள். காலை நீட்டி மடக்கச் சொல்லி அனுப்பினால், "இதற்கா காசு?" என்று சலித்துக்கொள்வார்கள். இயற்பியல் ஆசிரியனான எனக்கும் கருவி என்றால் ஆசைதான். ஆயினும் மூட்டுத் தேய்மானத்துக்கு மீயொலி, மின்தூண்டல் முதலிய சிகிச்சைகளைத் தர வேண்டாம், பயனுக்குப் போதிய சான்று இல்லை என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுக் குறிப்பு 2022இல் கூறிவிட்டது. நோயாளிகள் அனைவருக்கும் அது பரிந்துரைத்தது, அவரவர்க்கு ஏற்ற உடற்பயிற்சியை.

என் தாயாருக்கு முழங்கால் வலி வந்தபோது இவற்றையெல்லாம் நான் எண்ணிப் பார்க்கவில்லை. "மூட்டு தேய்ந்துவிட்டது, படியேறாதீர்கள், நடக்காதீர்கள்" என்று அவரை உட்கார வைத்தவன் நானே. சைக்கிள் பேரிங் தேய்ந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைப்பதில்லையா? அதே நியாயம். சில மாதங்களில் தொடைகள் மெலிந்தன. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. வலியோ இருந்தபடியே இருந்தது.

தேய்மானம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. பேரிங் உயிரற்றது, மூட்டின் குருத்தெலும்பில் உயிரணுக்கள் வாழ்கின்றன. அதற்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. அமுக்கி விட்ட பஞ்சு நீரை உறிஞ்சுவது போல, மூட்டு அசைந்து அழுந்தி விடுபடும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு உணவு கிடைக்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. போதாக்குறைக்கு, ஒவ்வோர் அடியிலும் அதிர்ச்சியைத் தாங்கும் தொடைத் தசையும் ஓய்வில் வலுவிழக்கிறது.

"வலிக்கும்போது அசைத்தால் மேலும் கெடாதா?" என்று கேட்பீர்கள். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்பார்கள். இதில் வலியின் அளவும் சேதத்தின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. எக்ஸ்ரே படத்தில் மூட்டு மோசமாகத் தெரியும் சிலர் வலியின்றி நடமாடுகிறார்கள். வலிச் செய்திகள் தண்டுவடத்தில் கூட்டவும் குறைக்கவும் படலாம் என்ற கொள்கையை மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் வெளியிட்டனர். பயிற்சியின் தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம். மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மூட்டு சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் முழங்காலைப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும். பயிற்சிகளைத் தேர்ந்து தருவது இயன்முறை மருத்துவரின் வேலை. நாள்தோறும் செய்ய வைப்பது யார் வேலை? என் தாயாருக்குத் தரப்பட்டவை இரண்டே. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து விநாடி அழுத்தி விடுவது ஒன்று. சுவரோரம் போட்ட நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது மற்றொன்று. கேட்கவே அற்பமாக இருக்கிறதல்லவா? அவருக்கும் அப்படித்தான் இருந்தது. நான்காம் நாளே விட்டுவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கடிகாரத்துடன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகே அது நிலைத்தது. முப்பது விநாடியில் எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணி நாட்காட்டியில் குறிப்பது அவள் பொறுப்பு. முதல் வாரத்தில் 4. மூன்று மாதம் கழித்து நேற்று 9. பத்து என்று பாட்டி வாதாடுகிறார்; கடைசி முறை கையை ஊன்றினார் என்று பேத்தி ஒப்புக்கொள்ள மறுக்கிறாள்.